ஐந்தாம் பாகத்தின் இருள்

குழந்தைகளுக்கென்று தொடங்கிய ஒரு கதை, அந்தக் குழந்தைகள் வளர வளரத் தானும் வளர்ந்து, ஒரு கட்டத்தில் அவர்களைக் கைப்பிடித்து இருளுக்குள் அழைத்துச் செல்லத் துணியுமானால், அத்துணிவை எப்படி மதிப்பது என்ற கேள்வி பல ஆண்டுகளாக என் மனத்தில் இருந்து வருகிறது. ஜே. கே. ரௌலிங் அம்மையார் எழுதிய ஹாரி பாட்டர் தொடரின் ஐந்தாம் பாகமாகிய ‘ஆர்டர் ஆஃப் த ஃபீனிக்ஸ்’ என்ற நூலே அந்தக் கேள்வியை எனக்குள் எழுப்பியது. அந்நூலைத் திருகோணமலையில், உட்துறைமுகத்துக்கும் டச்சுக் குடாவுக்கும் நடுவே இருந்த ஒரு வீட்டின் விறாந்தையில், பிள்ளைகள் சூழ அமர்ந்து வாசித்தவன் நான். அவ்வாசிப்பில் எனக்கு விளங்கியவற்றை ஆறுதலாக எழுத வேண்டும் என்ற ஆசை நெடுநாளாக உண்டு. நீண்ட பதிவுதான், பொறுமையோடு கேளுங்கள்.

தொடரின் முதல் நூல் 1997இல் வெளிவந்தது. அதன் பின் ஆண்டுக்கொன்றாக வந்துகொண்டிருந்த நூல்கள், 2000ஆம் ஆண்டு ஜூலை 8ஆந் தேதி நான்காம் பாகம் வெளியானதும் திடீரென்று நின்றுபோயின. அந்த நான்காம் பாகம் ஒரு மயானத்தில் போய் முடிகிறது. செட்ரிக் டிகரி என்ற நல்ல மாணவன் ஒருவன், யாதொரு குற்றமும் செய்யாதவன், வழியில் நின்ற ஒரே காரணத்துக்காகக் கொல்லப்படுகிறான். அழிந்துபோனதாக எல்லாரும் நம்பியிருந்த கொடிய மந்திரவாதி வால்டெமார்ட் உடலெடுத்துத் திரும்பி வருகிறான். வாசகரை அந்த இடத்தில் நிறுத்திவிட்டு ஆசிரியர் மூன்றாண்டுகள் மௌனமாக இருந்தார். 2003ஆம் ஆண்டு ஜூன் 21ஆந் தேதி, சனிக்கிழமை, ஐந்தாம் பாகம் வெளியாயிற்று. பிரிட்டனில் மாத்திரம் அந்த ஒரே நாளில் 17 இலட்சத்துக்கும் மேற்பட்ட பிரதிகள் விற்றன என்றால், உலகம் எவ்வளவு ஆவலோடு காத்திருந்தது என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

காத்திருத்தல் நமக்குப் புதிதன்று. 1950இல் தொடங்கி 1954 வரையில் கல்கி பத்திரிகையில் ‘பொன்னியின் செல்வன்’ வாரந்தோறும் வந்த காலத்தில், கடல் கடந்து வரும் அந்த இதழுக்காக இலங்கையிலே எத்தனையோ வீடுகள் காத்திருந்தன என்பதை எங்கள் மூத்தோர் வாயால் கேட்டே நாங்கள் வளர்ந்தோம். ஆனால் 2003இல் நாங்கள் காத்திருந்த காத்திருப்பில் ஒரு விசேஷம் இருந்தது. நான்காம் பாகம் வந்தபோது எங்கள் நாடு யுத்தத்தின் நடுவே கிடந்தது. 2002 பெப்ரவரி 22ஆந் தேதி யுத்தநிறுத்த ஒப்பந்தம் கைச்சாத்தாகி, வீதிகள் ஒவ்வொன்றாகத் திறந்து, இரவில் வெளியே போய்வரலாம் என்ற நிலை ஏற்பட்ட பிறகே ஐந்தாம் பாகம் வந்தது. அந்த மூன்றாண்டுகளில் நாங்கள் யுத்தத்திலிருந்து சமாதானத்துக்கு வந்திருந்தோம்; கதையோ சமாதானத்திலிருந்து யுத்தத்துக்குப் போயிருந்தது. எதிரெதிரே வந்த இரண்டு பிரயாணங்களும் எங்கள் விறாந்தையில் சந்தித்துக்கொண்டன.

கொழும்பிலிருந்து ஹபரணை, கந்தளாய் வழியாக வந்த பஸ்ஸில், உறவினர் ஒருவரின் பையில் அந்த நூல் வந்து சேர்ந்தது. 766 பக்கங்கள், 38 அத்தியாயங்கள். மடியில் வைத்து வாசித்தால் கால் மரத்துப்போகும் கனம். என்னிடம் ஆங்கிலம் படிக்க வந்த பிள்ளைகளுக்கு, பாடம் முடிந்த பின் ஓர் அத்தியாயத்தை ஆங்கிலத்தில் வாசித்து, தமிழில் கதையாகச் சொல்வது வழக்கமாயிற்று. திருக்கடலூரிலிருந்து சைக்கிளில் வருபவர்கள், உவர்மலையிலிருந்து நடந்து வருபவர்கள், மூதூர்ப் பக்கத்திலிருந்து வந்து உறவினர் வீடுகளில் தங்கிப் படிப்பவர்கள் எனப் பலரும் அக்கூட்டத்தில் இருந்தார்கள். என் தங்கையின் மகள் எல்லாரிலும் சிறியவள். தான் கேட்கக் கூடாதென்று ஒருவரும் சொல்லாதபடி அம்மம்மாவின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருப்பாள்.

கதையின் தொடக்கத்திலிருந்தே ஹாரி கோபமாக இருக்கிறான். நண்பர்களிடம் கத்துகிறான், கதவை அறைகிறான், நல்லது செய்ய வந்தவரையும் வைகிறான். இக்கோபம் மிதமிஞ்சிப் போய்விட்டதென்று அந்நாளில் பலர் குறை கூறினர். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கண்ணெதிரே ஒருவன் கொலையுண்டதைக் கண்ட பதினைந்து வயதுப் பையனைக் கொண்டுபோய், செய்தி ஒன்றும் எட்டாத ஒரு வீட்டில் கோடையில் பல வாரங்கள் தனியே வைத்துவிட்டு, அவன் சாந்தமாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது எந்த நியாயத்தைச் சேர்ந்தது? எங்கள் ஊரில் அப்படிப்பட்ட பிள்ளைகள் வகுப்புக்கு ஒன்றிரண்டு பேராவது இருந்தார்கள். அவர்களை ‘அடங்காதவர்கள்’ என்றே பெரியவர்கள் சொல்வார்கள். கதையிலே ஹாரி கத்திய இடங்களில் அந்தப் பிள்ளைகள் தலை நிமிர்ந்து கேட்டதை நான் பார்த்தேன்.

அதன் பின் மந்திர அமைச்சின் கதை வருகிறது. வால்டெமார்ட் திரும்பிவிட்டான் என்பதை ஒப்புக்கொண்டால் தம் பதவிக்கும் நாட்டின் அமைதிக்கும் பங்கம் வரும் என்று அஞ்சிய அமைச்சர் கார்னீலியஸ் ஃபட்ஜ், அப்படி ஒன்றும் நிகழவில்லை என்று சாதிக்கிறார். அவருக்கு உகந்த பத்திரிகை, உண்மை சொன்ன பையனைப் பொய்யன் என்று நாள்தோறும் எழுதுகிறது. நாங்கள் இதை வாசித்துக்கொண்டிருந்த காலத்தை நினைத்துப் பாருங்கள். ஆறு சுற்றுப் பேச்சுவார்த்தை நடந்த பின், 2003 ஏப்ரல் 21ஆந் தேதி விடுதலைப் புலிகள் பேச்சிலிருந்து விலகி நின்றார்கள். ஜூன் மாதத்தில் டோக்கியோவில் நன்கொடை நாடுகளின் மாநாடு அவர்கள் இல்லாமலே நடந்து முடிந்தது. ஒப்பந்தம் காகிதத்தில் இருந்தது. சமாதானம் நிலைத்திருக்கிறது என்று எல்லாத் தரப்பும் சொல்லிக்கொண்டிருந்தன. ஆனால் சந்தியில் நின்று கதைத்த கிழவர்கள் எவரும் அதை முழுதாக நம்பவில்லை. வரப்போவதை அறிந்தும் அறியாதவர்போல நாட்களை நடத்திச் செல்லும் ஓர் அரசாங்கத்தைப் பற்றிய கதை அந்தப் பிள்ளைகளுக்கு ஒரு மாயக் கதையாகவே தோன்றவில்லை.

அமைச்சு அனுப்பிவைத்த அம்பிரிட்ஜ் அம்மையாரைப் பற்றியும் இங்கே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். இளஞ்சிவப்பு உடை, பூனைக்குட்டிப் படங்கள் வரைந்த பீங்கான் தட்டுகள், தேன் ஒழுகும் குரல். இவற்றோடு, ஹாரி படிக்கும் ஹாக்வார்ட்ஸ் மந்திரப் பள்ளிக்குள் நுழையும் அவர், கல்விக் கட்டளைகள் என்ற பெயரில் அறிவித்தல்களை ஒட்டிக்கொண்டே போகிறார். 24ஆம் கட்டளை மாணவர் கூடுவதைத் தடுக்கிறது. 26ஆம் கட்டளை ஆசிரியர்கள் தம் பாடத்துக்குப் புறம்பான எதையும் மாணவருக்குச் சொல்லக் கூடாதென்கிறது. உண்மை சொன்னதற்குத் தண்டனையாக ஹாரியை அவர் எழுதவைக்கும் பேனாவுக்கு மை வேண்டுவதில்லை. எழுதியவன் கையின் பின்புறத்தையே கிழித்து அவன் இரத்தத்தால் அது எழுதிச் செல்லும். வால்டெமார்ட்டைவிட எங்கள் பிள்ளைகள் அம்பிரிட்ஜைக் கண்டே அதிகம் நடுங்கினார்கள். எந்த நேரத்தில் எவ்வளவு தூரம் கடலுக்குப் போகலாம் என்பதற்கும் அனுமதி வாங்கி வாழ்ந்த மீனவரின் பிள்ளைகளுக்கு, கொடுமை பெரும்பாலும் கூச்சலோடு வருவதில்லை, கையொப்பத்தோடும் முத்திரையோடுமே வருகிறது என்பதை ஒருவர் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

இந்த இடத்தில்தான் ஒரு தாய் என்னிடம் வந்தார். அம்பிரிட்ஜின் தடையை மீறி ஹாரியும் அவன் தோழரும் இரகசியமாகக் கூடித் தற்காப்பு மந்திரங்களைப் பயில்வதையும், அக்கூட்டத்துக்குத் தலைமையாசிரியரின் பெயரால் ‘டம்பிள்டோரின் படை’ என்று பெயரிட்டதையும் அவர் மகன் வீட்டில் போய் உற்சாகமாகச் சொல்லியிருக்கிறான்.

“சேர், இது பிள்ளையளைச் சண்டைக்குப் பழக்கிற கதையோ?” என்று அவர் படலையடியில் நின்றபடியே கேட்டார்.

அவருடைய கேள்வியில் நியாயம் இருந்தது. கிழக்கில் பிள்ளைகளை இயக்கத்தில் சேர்ப்பது நின்றுவிடாத காலம் அது. பள்ளிக்குப் போன பிள்ளை வீடு திரும்பச் சற்றுச் சுணங்கினாலும் தாய்மார் வீதிக்கு ஓடிவந்த காலம். படை என்ற சொல்லைப் பிள்ளையின் வாயிலிருந்து கேட்டதும் அவர் நெஞ்சு பதறியதில் வியப்பென்ன? நான் அவரை உள்ளே வந்து அமரச் சொல்லி, அதே நூலில் மோலி வீஸ்லி என்ற தாய்க்கு நேர்ந்ததைச் சொன்னேன். அவரவர் மிகவும் அஞ்சும் பொருளாக வடிவெடுக்கும் மாயப் பிராணி ஒன்று அக்கதையில் உண்டு. பழைய வீடொன்றின் மேசைக்குள் ஒளிந்திருந்த அதை விரட்டப் போன மோலி, தன் மகன் தரையில் பிணமாகக் கிடக்கக் காண்கிறாள், மந்திரக்கோலை நீட்டுகிறாள், அது அடுத்த மகனின் பிணமாகிறது, பின் கணவனின் பிணமாகிறது, பின் தான் பெறாத பிள்ளையாகிய ஹாரியின் பிணமாகவும் ஆகிறது. சாதாரணமாக எவரும் ஒரு சொல்லில் விரட்டிவிடும் பிராணியை அந்தக் கெட்டிக்காரி விரட்ட முடியாமல் விம்மி விம்மி அழுகிறாள். நான் சொல்லி முடித்ததும் அந்தத் தாய் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “அவன் வந்து கேக்கட்டும் சேர்” என்று சொல்லி எழுந்துகொண்டார். பிள்ளையின் துணிவை மட்டும் பாடிவிட்டுத் தாயின் அச்சத்தை அலட்சியம் செய்யும் கதைகள் உலகில் ஏராளம். இந்த நூல் இரண்டுக்கும் இடம் கொடுத்திருக்கிறது என்பதே இதன் பெருமை.

தெஸ்ட்ரல் என்ற குதிரைகளைப் பற்றிய அத்தியாயத்துக்கு இப்போது வருகிறேன். பள்ளிக்கு மாணவரை ஏற்றிச் செல்லும் வண்டிகள் தாமாகவே ஓடுகின்றன என்றே நான்கு பாகங்களிலும் ஹாரி நினைத்திருந்தான். ஐந்தாம் ஆண்டில்தான் அவற்றை இழுக்கும் குதிரைகளை அவன் காண்கிறான். எலும்போடு ஒட்டிய கரிய தோல், வெளவாலின் சிறகு போன்ற இறக்கைகள், கருமணியில்லாத வெண்மையான கண்கள். பக்கத்தில் நிற்கும் தோழன் ரானுக்கு அங்கே ஒன்றும் தெரியவில்லை. காரணம் பின்னரே விளங்குகிறது: மரணத்தைக் கண்ணால் கண்டவர்களுக்கு மாத்திரமே அக்குதிரைகள் தெரியும். ஹாக்ரிட் என்ற ஆசிரியர் மாட்டிறைச்சியைச் சுமந்துபோய்க் காட்டில் வைத்து, அவற்றை வரவழைத்து, யாருக்குத் தெரிகிறதென்று வகுப்பைக் கேட்கிறார். மொத்த வகுப்பிலும் மூவருக்கே தெரிகிறது.

நான் அந்த இடத்தில் நிறுத்தினேன். பதினொரு வயதிருக்கும் ஒரு பையன், வரவு கூப்பிடும்போது பதில் சொல்கிற அதே குரலில், “அப்ப எனக்குத் தெரியும் சேர்” என்றான். அவனுக்குப் பக்கத்தில் இருந்த பெண், “எனக்கும்” என்றாள். பின்வரிசையில் இருந்து இன்னொரு குரல். யாரும் அழவில்லை, எவரும் எதையும் விவரிக்கவுமில்லை. ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டு போனார்கள். ஹாக்ரிட்டின் வகுப்பில் மூவர். எங்கள் விறாந்தையில், ஓரிருவரைத் தவிர, எல்லாரும். கடைசியில் என் தங்கை மகள், தான் மட்டும் விடுபட்டுப் போன ஏக்கத்தோடு, “மாமா, எனக்குத் தெரியாதே” என்றாள். முருங்கையிலை ஆய்ந்துகொண்டிருந்த அம்மம்மா தலையை நிமிர்த்தாமலே, “உனக்குத் தெரியாமலே இருக்கட்டும், குஞ்சு” என்றார்.

அக்குதிரைகள் மீண்டும் ஒரு முறை வருகின்றன. மந்திர அமைச்சு இருக்கும் இலண்டனுக்குப் பறந்துபோக வேறு வாகனம் இல்லாதபோது, ஆறு பிள்ளைகள் தெஸ்ட்ரல்களின்மேல் ஏறிப் போகிறார்கள். ஹாரி, நெவில், லூனா ஆகிய மூவருக்கும் அவை தெரியும். ரான், ஹெர்மயனி, ஜின்னி ஆகிய மூவருக்கும் தெரியாது. தாய் மாண்டதை ஒன்பது வயதில் கண்ட லூனா, தெரியாத மூவரையும் ஒவ்வொருவராக ஏற்றிவிட்டு, அவர்கள் கைகளைப் பிடரி மயிரில் வைத்துப் பிடிக்கச் சொல்லிக் கொடுக்கிறாள். ஆசிரியர் விரித்துரைக்காமல் கடந்துபோகும் காட்சி இது. துக்கத்தைக் கண்டவர்கள் காணாதவர்களுக்கு எப்படித் துணையாக வேண்டும் என்பதை இதைவிடச் சுருக்கமாக ஒருவர் சொல்லிவிட முடியுமென்று நான் நினைக்கவில்லை.

பிள்ளைகளின் கதையில் மரணத்துக்கு என்ன வேலை என்று கேட்பவர்கள், நம் முன்னோர் பிள்ளைகளுக்கு என்ன கதை சொன்னார்கள் என்பதை ஒரு கணம் எண்ணிப் பார்க்க வேண்டும். அரிச்சந்திரன் கதையின் மயான காண்டத்தை நடிகமணி வி. வி. வைரமுத்து அவர்கள் ஈழத்து மேடைகளில் எத்தனையோ இரவுகள் நடித்தார். பாம்பு கடித்து மாண்ட லோகிதாசனைச் சந்திரமதி சுடலைக்குச் சுமந்து வருவதையும், பெற்ற தகப்பனே வாய்க்கரிசியும் முழத்துண்டும் கேட்டு மறிப்பதையும், தாயின் மடியில் விழித்திருந்த குழந்தைகள் கண்டார்கள். அபிமன்யுவின் முடிவையும் நல்லதங்காளின் கிணற்றையும் கேட்காத தமிழ்க் குழந்தை எது? கதையில் நாம் எதையும் மறைத்ததில்லை. வாழ்க்கையில்தான் மறைத்தோம். இரவில் வீட்டுக்குள் ஆட்கள் வந்து மாமாவைக் கொண்டுபோனால், மாமா கொழும்புக்குப் போயிருக்கிறார் என்று பிள்ளைக்குச் சொன்னோம். பக்கத்து வீட்டில் ஒப்பாரி கேட்டால் யன்னலைச் சாத்தினோம். சின்னப் பிள்ளைகளுக்கு ஏன் இதெல்லாம் என்பதே நம் வாதமாக இருந்தது. அது அன்பினால் எழுந்த வாதம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனாலும் அதன் பலன் என்ன? பிள்ளைகள் எல்லாவற்றையும் கண்டார்கள். கண்டதைக் கதைக்க மட்டும் ஆளில்லாமல் இருந்தார்கள்.

சிரியஸ் பிளாக்கின் முடிவு வந்த மாலை எனக்கு இப்போதும் நன்றாக நினைவிருக்கிறது. ஹாரிக்குத் தகப்பன் ஸ்தானத்தில் இருந்த அந்த மனிதர், மந்திர அமைச்சின் ஆழத்தில் உள்ள ஓர் அறையில் போரிட்டுக்கொண்டிருக்கும்போது, பழைய கல்வளைவு ஒன்றில் தொங்கும் கிழிந்த திரைக்குள் சாய்ந்து விழுகிறார். மறுபுறம் வந்து விழவில்லை. உடல் இல்லை, இரத்தம் இல்லை, கடைசி வார்த்தை இல்லை. திரை ஒரு முறை அசைந்து பழையபடி நிற்கிறது. திரைக்குப் பின்னேதான் நிற்கிறார், கூப்பிட்டால் வந்துவிடுவார் என்று ஹாரி கத்துகிறான்.

மூதூர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி அக்கூட்டத்தில் இருந்தாள். 1990இல் பிடித்துச் செல்லப்பட்ட தகப்பனைப் படத்தில் மாத்திரம் கண்டவள்.

“உடம்பு கிடைக்கேல்லையோ சேர்?” என்று கேட்டாள்.

இல்லை என்றேன்.

“அப்ப செத்துப்போனாரெண்டு எப்பிடிச் சொல்லுறது?”

எங்கள் ஊருக்கு அருகே கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறுகள் இருக்கின்றன. தாயின் மரணச் செய்தி கேட்ட இராவணன் அவளுக்குக் கிரியை செய்த இடம் அது என்பது ஐதீகம். பிதிர்க்கடன் செய்ய இன்றும் மக்கள் அங்கே போகிறார்கள். மாண்டவரைப் பற்றிய துக்கத்துக்கு ஓர் எல்லை கட்டுவதற்காக ஏற்பட்டவை அக்கிரியைகள். மாண்டாரா என்று தெரியாதவருக்கு யார் கிரியை செய்வது? அந்தப் பெண்ணின் தாய் பதின்மூன்று ஆண்டுகளாகக் குங்குமத்தை அழிக்கவுமில்லை, கன்னியாவுக்குப் போகவுமில்லை. நூலில் ஹாரியும் இதே நிலையில்தான் அலைகிறான். பள்ளியில் உலவும் ஆவியிடம் போய், சிரியஸும் உங்களைப் போல் திரும்பி வரக்கூடுமா என்று கேட்கிறான். சிரியஸ் முன்பு தந்து, தான் பிரித்தும் பாராமல் வைத்திருந்த கண்ணாடியை எடுத்து அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறான். அதில் அவன் முகமே தெரிகிறது. அந்தப் பக்கங்களை வாசித்தபோது அந்தப் பெண் என்னைப் பார்க்கவில்லை, புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தனக்கு நேர்ந்தது தனக்கு மட்டும் நேர்ந்ததன்று, தூர தேசத்து அம்மையார் ஒருவர் அறிந்து எழுதக்கூடிய அளவுக்கு மனித குலத்துக்குப் பொதுவானது என்று அன்று அவளுக்குத் தெரிந்தது. ஒரு நூல் ஒரு பிள்ளைக்குச் செய்யக்கூடிய உபகாரம் இதற்குமேல் என்ன இருக்கிறது?

நூலின் உச்சம் எதுவென்று கேட்டால், போர் நடக்கும் அத்தியாயத்தை நான் சொல்ல மாட்டேன். போர் முடிந்த பின் டம்பிள்டோரின் அறையில் நடைபெறும் சம்பாஷணையே அதன் உச்சம். ஹாரி அந்த அறையிலுள்ள பொருட்களையெல்லாம் எடுத்து வீசி உடைக்கிறான், கிழவர் தடுக்கவில்லை. பிறகு அவர் ஒப்புக்கொள்கிறார்: ஹாரியின் பிறப்பைப் பற்றிய தீர்க்கதரிசனத்தைத் தாம் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும், அவன் குழந்தை, இன்னும் ஓராண்டு நிம்மதியாக இருக்கட்டும் என்று ஆண்டாண்டாகத் தள்ளிப்போட்டதே தாம் செய்த பிழை. அந்தப் பிழையின் விலை சிரியஸின் உயிர். தன்னை அமைச்சுக்கு இழுத்த கனவுகள் எங்கிருந்து வருகின்றன, எதற்காக வருகின்றன என்று ஹாரி அறிந்திருந்தால் அவன் வலையில் சிக்கியிருக்க மாட்டான். சிரியஸ் அவனைக் காக்க ஓடிவந்திருக்கவும் மாட்டார். கதையின் சூத்திரம் முழுவதும் இந்த ஒரே அச்சில் சுழல்கிறது. தீயவனின் வலிமை ஒரு பாதியென்றால், நல்லவர் அன்பினால் கடைப்பிடித்த மௌனம் மறு பாதி. பிள்ளைகளுக்கு எழுதிய ஒரு நூல், பிள்ளைகள் மிகவும் நம்பிய கிழவரைக் கொண்டே, உங்களிடம் மறைத்தது எங்கள் பிழை என்று சொல்லவைத்தது. ஐந்தாம் பாகத்தின் இருள் என்று எல்லாரும் சொன்னதை நான் இந்த ஒப்புதலின் நேர்மை என்றே அறிந்தேன்.

இருளுக்குள்ளும் ஆசிரியர் பிள்ளைகளைத் தனியே விட்டுவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். சித்திரவதையால் அறிவு கலங்கிய பெற்றோரை மருத்துவமனையில் பார்க்கப் போகும் நெவிலிடம், அவன் தாய் தட்டித் தடுமாறி நடந்துவந்து, ஒன்றும் பேசாமல் ஒரு வெறும் மிட்டாய்க் கடதாசியைக் கொடுக்கிறாள். அதைக் குப்பையில் போடச் சொல்கிறார் பாட்டியார். நெவில் அதைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொள்கிறான். தன் பிள்ளையை அடையாளம் அறியாத தாயின் கையும் கொடுக்க விரும்புகிறது. அந்தக் கடதாசியின் பெறுமதி அந்தப் பிள்ளைக்குத் தெரியும். இப்படியொரு காட்சியை எழுதத் தெரிந்தவர் பிள்ளைகளை அச்சுறுத்துவதற்காக இருளை எழுதியிருப்பார் என்று யாரும் சொல்ல முடியாது.

பின்னே நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2004 டிசம்பர் 26ஆந் தேதி கடல் எழுந்து வந்தது. அன்று என் தங்கை மகளும் தெஸ்ட்ரல்களைக் காண்பவர் வரிசையில் சேர்ந்தாள். 2005 ஜூலை 16ஆந் தேதி ஆறாம் பாகம் வந்தது. 2006 ஜனவரி 2ஆந் தேதி எங்கள் கடற்கரையில் மாலை நேரத்தில் கூடியிருந்த மாணவர் ஐவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவ்வாண்டிலேயே யுத்தம் முழுமூச்சாகத் திரும்பி வந்து, மூதூரும் சம்பூரும் இடம்பெயர்ந்தன. 2007 ஜூலை 21ஆந் தேதி ஏழாம் பாகம் வந்தபோது, அந்த விறாந்தைக் கூட்டத்தில் பாதிப் பேர் ஊரில் இல்லை. காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் 2017 தொடக்கம் படங்களைக் கையிலேந்தி வீதியோரங்களில் இருந்து கேட்டதும், அன்று அந்தப் பெண் என்னிடம் கேட்ட அதே கேள்விதான்.

ஆகையால் பெற்றோரிடமும் ஆசிரியரிடமும் நூலகங்களுக்கு நூல் வாங்குவோரிடமும் ஒரு விண்ணப்பம். பிள்ளைகளின் கையிலிருந்து இருண்ட நூல்களைப் பறிக்காதீர்கள். பக்கத்தில் அமர்ந்து சேர்ந்து வாசியுங்கள். அவர்கள் கேட்கும் கேள்விக்கு விடை தெரியாவிட்டால், கேள்வியையாவது முழுதாகக் கேட்டு முடிக்க விடுங்கள். கதை சொல்லாத துக்கத்தைப் பிள்ளை தானாகவே கண்டுகொள்ளும். ஆனால் அதைத் தாங்கும் வழியைக் கதையிலிருந்தும், பக்கத்தில் இருக்கும் பெரியவரிடமிருந்துமே அது கற்க வேண்டும்.

எழுதுவோரிடம் இன்னொரு விண்ணப்பம். அழ. வள்ளியப்பாவும் வாண்டுமாமாவும் நம் குழந்தைகளுக்குப் பாட்டையும் மாயத்தையும் சாகசத்தையும் வாரி வழங்கினார்கள். அந்தச் செல்வத்தின்மேல் நின்று, எட்டு வயதில் ஒரு பிள்ளையைக் கைப்பிடித்து, அது பதினெட்டு வயதாகும்வரை கூடவே நடந்து, ஆண்டுக்கு ஆண்டு மனம் முதிர்ந்து செல்லும் ஒரு நீண்ட தொடர் தமிழில் எழ வேண்டும் என்பது என் ஆசை. அதற்கு வேண்டிய பொருள் எங்கள் துறைமுகத்திலேயே கொட்டிக் கிடக்கிறது: கோணமலையில் இராவணன் வெட்டு, கடலுக்கடியில் கிடக்கும் கோயிற் கற்கள், கோட்டைக்குள் உலவும் மான்கள், சீனன்குடாக் காட்டுக்குள் நிற்கும் ராட்சத எண்ணெய்த் தாங்கிகள். இவற்றைக் கண்ட பிள்ளைக்கு ஹாக்வார்ட்ஸைவிடப் பெரிய மாயலோகத்தைக் கட்டிக் கொடுக்கலாம். ஒன்றை மாத்திரம் அவ்வெழுத்தாளர் மறக்கக் கூடாது. முதல் பாகத்தில் எவ்வளவு மகிழ்ச்சியை வைத்தாலும், ஐந்தாம் பாகத்தை மனத்தில் கொண்டே அவர் தொடங்க வேண்டும். ஏனெனில் அதைக் கையில் எடுக்கும் பிள்ளை, இந்தக் கரையில் பிறந்த பிள்ளையானால், முதல் பாகத்தை முடிப்பதற்கு முன்னமே ஐந்தாம் பாகத்து வாழ்க்கைக்கு வந்துவிட்டிருக்கக் கூடும்.